எழுதாமல் விட்ட நாலு கரண்டிப் பாணி

தங்கைக்கு வலது கை முறிந்ததால்தான் எனக்கு ஜெர்மனி பார்க்கக் கிடைத்தது. இதை இப்படி எழுதக்கூடாது என்று தெரியும். ஆனாலும் வதனி தொலைபேசியில், "அக்கா, சைக்கிளால விழுந்திட்டன், கை முறிஞ்சு போச்சு, ஒரு மூண்டு கிழமைக்கு வாங்கோவன்" என்று அழுதபோது, வாய் ஐயோ என்றது, மனம் அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கிவிட்டது. பதினெட்டு வருடமாகப் படத்தில் மட்டும் பார்த்த நாடு. பனியில் நிற்கிற வதனி, புதுக் காருக்கு முன்னால் நிற்கிற வதனி, மஞ்சள் இலைகளுக்கு நடுவில் நிற்கிற வதனி. ஒவ்வொரு படத்தையும் அல்பத்தில் ஒட்டிய நாளில் என் கறியில் உப்புக் கூடியிருக்கிறது.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறவள். பெயர் மலர். பிறந்தநாள், கல்யாணம் என்று ஓடர் வரும். ஆனால் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது கேக் அல்ல, கரமல் பிஸ்கட். அடியில் மாவும் பட்டரும் பிசைந்து போறணையில் வேகவைத்த மொறுமொறுப்பான தட்டு. நடுவில் இனிப்பு டின்பாலில் காய்ச்சிய கரமல். மேலே உருக்கிய சொக்லேட். வெட்டினால் மூன்று நிறமும் கோடு போட்டதுபோல் தெரியவேண்டும். கடித்தால் முதலில் உடைந்து, பிறகு இழுபட்டு, கடைசியில் கரையவேண்டும்.

பெட்டியில் சேலைகளுக்கு நடுவே ஒரு டின் கோல்டன் சிரப்பை ஒளித்து வைத்தேன். ஏன் என்று சொல்ல, ஒரு பழைய கடிதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஓடர் எடுத்துச் செய்கிற எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. செய்முறை கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டோம். முகம் முறிந்துபோகுமே. தாராளமாக எழுதிக் கொடுப்போம், ஒன்றை மட்டும் விட்டுவிட்டு. வாங்கியவள் செய்து பார்த்து, "உங்கட கைப்பக்குவம் வராதப்பா" என்று வந்து நிற்பாள். நாங்களும் அடக்கமாகச் சிரித்துக்கொள்வோம். வதனி ஜெர்மனிக்குப் போன அதே வருடம், "இங்க வேலை செய்யிற இடத்தில ஏதும் செய்து கொண்டுவரச் சொல்லுகினம், உங்கட கரமல் பிஸ்கட்டை எழுதி அனுப்புங்கோ" என்று கடிதம் போட்டிருந்தாள். நான் நீலக் கடிதத்தாளில் முத்து முத்தாக எழுதினேன். கரமலுக்கு டின்பால், பட்டர், சீனி. நாலு கரண்டி கோல்டன் சிரப்பை, அந்தச் சீனிப் பாணியை, எழுதவில்லை. அது இல்லாவிட்டால் சீனி பூத்து, கரமல் மணல்போல் நறநறக்கும். சொந்தத் தங்கைக்கே அப்படிச் செய்தேன். இளையவள் அவள். மாப்பிள்ளை, விசா, வெளிநாடு எல்லாம் அவளைத் தேடி வந்தன. நாடும் அவளுக்கு, பிஸ்கட்டும் அவளுக்கா என்று இருந்தது எனக்கு.

இப்போது பதினெட்டு வருடம் கழித்து, அவள் வீட்டுக்கே போய், அவள் ஆட்களுக்கு முன்னால் உண்மையான கரமல் பிஸ்கட்டைச் செய்து காட்டவேண்டும். அதுதான் அந்த டின்.

விமான நிலையத்துக்கு வதனியின் கணவர் குகன் காருடன் வந்திருந்தார். உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்துகொண்டிருந்த கோடை அது. கார் ஜன்னல்களில் எல்லாம் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கொடிகள். குகன் காரிலும் ஒன்று. "வேலையில எல்லாரும் கட்டினவை மச்சாள், நானும் கட்டினன்" என்றார். மூன்று மணித்தியாலத்தில் ஒரு இடத்திலும் எங்களை மறிக்கவில்லை. கொழும்பில் அந்த நாட்களில் சோதனைச் சாவடிகள் திரும்ப முளைக்கத் தொடங்கியிருந்தன. பம்பலப்பிட்டிக்குப் போய்வரவே இரண்டு இடத்தில் அடையாள அட்டை காட்டவேண்டும். அந்தத் தெருவைப் பார்த்தே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

வழியில் எரிபொருள் நிலையத்தில் குகன் ஒரு சொக்லேட் வாங்கித் தந்தார். ஒரே உறைக்குள் இரண்டு குச்சி. பிஸ்கட், மேலே கரமல், சுற்றிவரச் சொக்லேட். "நான் வந்த காலத்தில இதுக்கு இங்க வேற பேர். திடீரெண்டு ஒரு நாள் மாத்திப்போட்டாங்கள். சாமான் அதேதான்" என்றார். நான் தின்றுவிட்டு, "கரமல் மெல்லிசு" என்றேன். தொழில்காரியின் வாய் சும்மா இருக்காது.

இந்த மூன்றடுக்கு எங்கே பிறந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்தே பல சொந்தக்காரர்கள். எனக்குப் பழக்கிய பறங்கிப் பெண்மணி பம்பலப்பிட்டியில் இருந்தவர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் துரையின் மனைவியிடமிருந்து தன் தாய் பழகியது, ஸ்கொட்லாந்துப் பண்டம் என்பார். அங்கே இதற்குக் கோடீஸ்வரர் பிஸ்கட் என்று பெயராம். ஏழைக்கு அடித்தட்டு மட்டும், பணக்காரனுக்கு மேலே இரண்டு அடுக்கு. அவர் பிறகு மெல்பேர்னுக்குக் குடிபோய், "இங்கே எல்லோரும் இது தங்களுடையது என்கிறார்கள், அடித்தட்டில் தேங்காய்ப்பூவும் போடுகிறார்கள்" என்று எழுதியிருந்தார். நான் என் பங்குக்குக் கரமலில் வறுத்த கஜு, அதாவது முந்திரிப் பருப்பு, சேர்த்தேன். எங்கள் ஊர் மில்க் டொபியின் நினைவு அது. ஆக, வெள்ளவத்தைக் கரமல் பிஸ்கட்டுக்குச் சொந்தக்காரி நான். வேறு யாரும் உரிமை கொண்டாடவில்லை.

வதனியின் வீடு ஹம் நகரத்தின் ஓரத்தில், ஹேஸன் என்ற பகுதியில். கையில் கட்டுடன் வாசலில் நின்றாள். கட்டிப் பிடித்து அழுதோம். அழுகை முடிந்ததும் என் கண் நேரே சமையலறைக்குப் போனது. போறணைக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே விளக்கு. நேரம் முடிந்தால் மணி அடிக்கும். என் போறணைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க நான் டோர்ச் அடிக்கவேண்டும், அடிக்கிற நேரம் பார்த்து மின்சாரம் போகும். "நல்ல வசதிதான்" என்றேன். குரல் எனக்கே புளித்தது.

இரண்டாம் நாள் அவளுக்கு ஆஸ்பத்திரியில் டெர்மின், அதாவது கையைக் காட்டக் குறித்த நேரம். பேருந்தில் போனோம். நடத்துநர் இல்லை, சத்தம் இல்லை, பலகையில் போட்ட நிமிடத்துக்கு வந்து நின்றது. ஏறி உட்கார்ந்ததும் முன்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் திரும்பி வதனியின் கட்டைப் பார்த்துப் பதறிப்போனார். நெஞ்சில் கை வைத்து ஏதோ கேட்டார்.

"உன்ர கையைப் பற்றிக் கேக்கிறாரோ?" என்றேன்.

"இல்லை அக்கா. சனிக்கிழமை விழாவுக்கு என்ர பிஸ்கட் வருமோ எண்டு கேக்கிறார். இவற்ற மனிசி எங்கட அல்ட்டன்ஹைமில இருக்கிறா."

அல்ட்டன்ஹைம் என்பது முதியோர் இல்லம். வதனி அங்கே சமையலறையில் வேலை. ஒவ்வொரு கோடையும் அங்கே ஒரு விழா நடக்கும். வேலை செய்கிறவர்களும் சொந்தக்காரர்களும் ஆளுக்கொரு கேக் கொண்டுவந்து நீள மேசையில் வைப்பார்கள். மூன்று மணிக்குக் கோப்பியும் கேக்கும். அதில் முதலில் தீர்வது வதனியின் கரமல் பிஸ்கட் தட்டுத்தானாம். இதை அவள் சொல்லவில்லை. அவளுடைய பதினாறு வயது மகள் ஜனனி சொன்னாள். "அம்மா ரெண்டு தட்டுச் செய்வா, பெரியம்மா. பத்து நிமிசத்தில முடிஞ்சிடும்."

பத்து நிமிடம்! எழுதாமல் விட்ட செய்முறையிலா? நறநறக்கிற கரமலையா இவர்கள் பத்து நிமிடத்தில் தின்கிறார்கள்? கட்டாயம் இந்த நாட்டு ஆட்களுக்கு நாக்குச் சரியில்லை என்று முடிவு செய்தேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. நேர வித்தியாசம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஓம் என்றேன்.

மறுநாள் வதனியே கேட்டாள். "அக்கா, இந்தமுறை எனக்கு ஏலாது. நீங்கள் செய்து தருவியளோ?"

"அதுக்கென்ன" என்றேன். பெட்டிக்குள் டின் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

சாமான் வாங்க நானே கடைக்குப் போனேன். மூலையில் இருக்கிற கடைதான், வழி தவறாது. பட்டர் வகை வகையாக இருந்தது. எங்கள் ஊரில் ஒரு கட்டிப் பட்டருக்கு நான் போடும் கணக்கை நினைத்துக்கொண்டு, வேண்டியதற்கு மேலேயே எடுத்தேன். டின்பால் ஒரு தட்டு நிறைய அடுக்கியிருந்தது, படத்தில் பசுவும் கோப்பியும். ஆறு டின் எடுத்தேன். வீட்டில் ஒன்றைத் திறந்தால் தண்ணீர்போல் ஊற்றியது. நக்கினேன். இனிப்பே இல்லை.

வதனி சிரித்துச் சிரித்துக் கட்டுப்போட்ட கையை மேசையில் இடித்துக்கொண்டாள். "அது கோப்பிக்கு விடுற பால், அக்கா. இஞ்ச டின்பால் எண்டா இனிக்காது. நானும் வந்த புதுசில பன்ரண்டு டின் வாங்கினனான்."

அவள் பன்னிரண்டு, நான் ஆறு. அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். மிச்சமிருந்த நாளெல்லாம் குகன் அந்தப் பாலில் தேத்தண்ணி குடித்தார்.

இனிப்புள்ள டின்பாலும் கஜுவும் டோர்ட்முண்டில் தமிழ்க் கடையில் இருக்கும் என்றாள். வியாழக்கிழமை தனியாக ரயில் ஏறினேன். போவது சிக்கலில்லை. கடைக்காரத் தம்பி, "ஆரக்கா நீங்கள்? வதனி அக்காவின்ர தமக்கையோ? அவவின்ர பிஸ்கட் என்ன மாதிரி!" என்று கேட்டதுதான் சிக்கல். நாற்பது கிலோமீற்றர் தள்ளியும் அவள் பிஸ்கட். கஜுவில் ஒரு பக்கெட்டைக் குறைத்து வாங்கினேன், கோபத்துக்கு.

திரும்பும்போது ஹேஸன் நிலையத்தில் கதவுக்கு முன்னால் பையுடன் ஆயத்தமாக நின்றேன். ரயில் நின்றது. கதவு திறக்கவில்லை. நான் காத்திருந்தேன். ரயில் புறப்பட்டது. கதவில் இருக்கிற பொத்தானை அமத்தினால்தான் திறக்குமாம். எனக்கு யார் சொன்னார்கள்? எங்கள் ஊர் ரயிலில் கதவை மூடுவதுதான் பிரச்சினை, திறப்பது அல்ல. அடுத்த நிலையத்தில் பொத்தானை இரண்டு கையாலும் குத்தி இறங்கினேன். சுற்றிவரச் சோளக்காடு. உட்கார ஒரு வாங்கு. வாங்கில் நாயுடன் ஒரு கிழவர்.

அடுத்த ரயிலுக்கு ஒரு மணித்தியாலம். கிழவர் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துப் பிரித்தார். கறுத்தப் பாண் ரொட்டியில் அதைவிடக் கறுப்பாக ஏதோ பூசியிருந்தது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு ஒரு துண்டை நீட்டினார். மறுப்பது மரியாதையில்லை. தவிர, பசி. கடித்தேன். முதலில் மெல்லிய கசப்பு, பிறகு ஆழமான இனிப்பு. பனம்பாணி! இல்லை, பனம்பாணியின் ஒன்றுவிட்ட சகோதரம். "என்ன இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சோளத்துக்கு அப்பாலுள்ள வயலைக் காட்டி ஜெர்மன் மொழியில் நீளமாகச் சொன்னார். நாயும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை சமையலறையில் இறங்கினேன். வதனி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடித்தட்டு அந்தக் கண்ணாடிப் போறணையில் தங்க நிறத்தில் வெந்து வந்தது. மணி அடித்தது. பொறாமையை மறந்து ரசித்தேன். கரமலுக்குச் சட்டி வைத்தபோது அவள் சொன்னாள்:

"அக்கா, அந்தக் கப்பேட்டில மஞ்சள் டப்பா ஒண்டு இருக்கு. அதில நாலு கரண்டி போடோணும்."

எடுத்துத் திறந்தேன். கறுப்பு. வாங்கில் இருந்த கிழவர் தந்த அதே வாசம்.

"இதென்ன?"

"பீட் கிழங்குப் பாணி. சீனி எடுக்கிற வெள்ளைப் பீட் இருக்கெல்லே, அதில காய்ச்சுறது. இந்தப் பக்கத்து ஆக்கள் பாணுக்குப் பூசுவினம். நீங்கள் எழுதின மாதிரிச் செய்ய மூண்டு தரமும் கரமல் மணல் மாதிரி வந்திட்டுது, அக்கா. அல்ட்டன்ஹைமில ஃபிராவ் லோமன் எண்டு ஒரு அம்மா. இதைப் போட்டுப் பார் எண்டு தன்ர காலமைச் சாப்பாட்டில இருந்து டப்பாவைத் தள்ளிவிட்டவ. அண்டைக்குத்தான் சரிவந்தது."

சாதாரணமாகத்தான் சொன்னாள். 'நீங்கள் எழுதின மாதிரி' என்பதை அழுத்திக்கூடச் சொல்லவில்லை. நான் அடுப்பைப் பார்த்தபடி நின்றேன். முகத்தில் பட்ட சூடு சட்டியுடையது மட்டும் அல்ல. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் என் பிஸ்கட்டுக்கு எனக்கே கணக்குச் சொல்லித் தருகிறாளே என்ற எரிச்சல் அதை முந்திக்கொண்டது.

"நீ களைச்சுப்போனாய். போய்ப் படு. நான் பாக்கிறன்" என்றேன்.

அவள் போனதும் என் டின்னைக் கொண்டுவந்தேன். நாலு கரண்டி கோல்டன் சிரப். நிறம் தேன்போல் வந்தது. கஜு தூவினேன். சொக்லேட்டைக் கண்ணாடிபோல் ஊற்றினேன். வாழ்க்கையில் அதைவிட நன்றாக நான் செய்ததில்லை. மிச்சத்தைக் கழுவி ஊற்றி, டின்னைக் காகிதத்தில் சுற்றி, குப்பை வாளியின் அடியில் புதைத்தேன். பிறகு அதையும் கிளறி எடுத்து என் பெட்டியில் வைத்தேன். இந்த நாட்டில் குப்பையைத் தரம் பிரித்துப் போடவேண்டும், வதனி கட்டாயம் பார்ப்பாள்.

சனிக்கிழமை வெயில் எறித்தது. இல்லத்தின் புல்வெளியில் கொடித் தோரணம், நீள மேசை, வரிசையாகக் கேக்குகள். சீஸ் கேக், செரி கேக், அப்பிள் கேக். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பெயர் எழுதிய ஒரு சிறு அட்டை. என் இரண்டு தட்டையும் இறக்கி வைத்தேன். வதனி இடது கையால் ஒரு அட்டையை எடுத்து முன்னால் நிறுத்தினாள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். மலர்.

என் பெயர்! ஜெர்மனி நாட்டு மேசையில்! செய்தவள் பெயரைப் போட்டுவிட்டாளே, என்ன இருந்தாலும் தங்கை தங்கைதான் என்று நெஞ்சு நிறைந்துபோனது. சேலைத் தலைப்பைச் சரிசெய்து, தட்டுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன். அன்றைக்கு அந்த மேசையில் முதலாவதாகத் தீரவேண்டியது என் தட்டு. வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

முதலில் வந்தது பாணி டப்பா கொடுத்த அந்தத் திருமதி லோமன். தொண்ணூறைத் தொட்ட உருவம், சக்கர நாற்காலி, உதட்டில் சாயம். ஜனனி தள்ளிக்கொண்டு வந்தாள். மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வருடம் முழுவதும் இதற்குக் காத்திருப்பவராம். ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். மென்றார். நிறுத்தினார். திரும்ப மென்றார். மிச்சத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு ஜனனியிடம் ஏதோ சொன்னார்.

ஜனனிக்கு மழுப்பத் தெரியாது. "பெரியம்மா, அவ சொல்லுறா, இனிப்பா இருக்காம். ஆனா இது மலர் இல்லையாம்."

"நான்தான் மலர் எண்டு சொல்லு!"

சொன்னாள். கிழவி என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். பிறகு இரண்டு வசனம்.

"அப்ப தங்கச்சியிட்டைக் கேட்டுப் பழகச் சொல்லுறா."

அதற்குப் பிறகு வந்தவர்களும் ஒரு துண்டு எடுத்தார்கள், மரியாதைக்குச் சிரித்தார்கள், இரண்டாவது துண்டுக்குத் திரும்பி வரவில்லை. பேருந்துக் கிழவர் மட்டும் இரண்டாவது எடுத்தார். எடுத்து நாப்கினில் சுற்றிப் பையில் போட்டார், யாருக்குக் கொடுக்கவோ. நாலு மணிக்குச் சீஸ் கேக் தீர்ந்தது. நாலேகாலுக்குச் செரி கேக். என் இரண்டு தட்டில் ஒன்று தொடாமலே இருந்தது. ஈ ஓட்டுகிற சாட்டில் அந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். மூலைகள் மடிந்திருந்தன. பின்பக்கம் பழைய கோப்பிக் கறை. இது நேற்று எழுதியது இல்லை.

"இந்த அட்டை எப்ப எழுதினது?" என்று ஜனனியைக் கேட்டேன்.

"தெரியாது பெரியம்மா. நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்கையே இருக்கு. அம்மான்ர பிஸ்கட்டுக்குப் பேரே மலர்தானே."

வீட்டுக்குத் திரும்பினோம். மடியில் தட்டுக் கனத்தது. இவ்வளவு காலமும் நான் பொறாமைப்பட்டது என்மேலேயே என்றால், அதை எங்கே போய்ச் சொல்வது? பிழையான செய்முறையை அனுப்பியவளின் பெயரை இவள் பதினெட்டு வருடமாகத் தூக்கி வைத்திருக்கிறாள். நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டாளே என்று அதற்கும் எரிந்தது.

ஆறு மணி, வெயில் இன்னும் இறங்கவில்லை. நான் தட்டுக் கழுவினேன். அவள் இடது கையால் துடைத்தாள்.

"வதனி, அந்தக் கடிதத்தில நான் ஒண்டை எழுதேல்லை."

"தெரியும்."

"மறந்துபோய் விடேல்லை."

"அதுவும் தெரியும். அந்தச் சிரப் டின்னுக்க விரலை விட்டு நக்கி உங்களிட்டை அடி வாங்கினது நான்தானே, அக்கா. இஞ்ச அந்தச் சாமான் அப்ப கிடைக்கேல்லை. உங்களிட்டைத் திருப்பிக் கேக்க மனமும் வரேல்லை."

குழாயை மூடினேன். "பிறகேன் என்ர பேரை வைச்சனி?"

அவள் துடைத்த தட்டைத் திரும்பத் துடைத்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"சொன்னா கோவிக்கக்கூடாது. மூண்டாந்தரம் பழுதாப்போன தட்டைக் கொட்ட மனமில்லாமல் வேலைக்குக் கொண்டுபோனன். ஆரும் வாயில வைக்கேல்லை. கல்லுத் தின்னுற மாதிரி இருக்கு, இதுக்கு என்ன பேர் எண்டு கேட்டினம். எனக்கு உங்களில இருந்த கோவத்துக்கு, மலர் எண்டு சொல்லிப்போட்டன்."

மூடிய குழாயைத் திரும்பத் திறந்து, திரும்பவும் மூடினேன்.

"பிறகு பாணி போட்டு நல்லா வந்திட்டுது. பேரை மாத்திப் பாத்தன். ஏலாமப் போச்சு. அவைக்கு அது மலர்தான்."

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வந்தது சிரிப்பு. பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளும் சிரித்தாள். குகன் வந்து எட்டிப் பார்த்து, ஒன்றும் விளங்காமல் திரும்பி உதைபந்தாட்டம் பார்க்கப் போனார். எனக்கு நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது உண்மை. அவள் ஒன்றும் தேவதை இல்லை, என்னுடைய தங்கைதான்.

திங்கட்கிழமை அவள் சொல்லச் சொல்ல ஒரு சிறு தட்டுச் செய்தேன். நாலு கரண்டி பீட் பாணி, ஒரு கிள்ளு உப்பு, கஜு இல்லை. கரமல் கறுத்துப்போனது. மனதுக்குள் பழுது என்றேன். ஆறியதும் ஒரு துண்டு வாயில் வைத்தேன். எழுதத்தான் வேண்டும், எழுதுகிறேன்: என்னுடையது இனிப்பு. இதில் ருசி இருந்தது. பின்னேரம் திருமதி லோமனுக்குக் கொண்டுபோனோம். ஒன்று தின்றார். இரண்டாவதை எடுத்தார். என்னைப் பார்த்து, "இப்போதுதான் பெயருக்கு ஏற்ற பெண்" என்றார். மொழிபெயர்த்தது வதனி. ஜனனி பக்கத்தில் இல்லை, அதனால் முழுவதும் நம்பவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் செய்முறை கேட்டேன். அவள் கையில் கட்டு, எழுத முடியாது. அவள் சொன்னாள், நான் எழுதினேன். என் கையெழுத்தில், என் பெயருள்ள பிஸ்கட், அவளுடைய செய்முறை. இரண்டு டப்பாப் பாணியும் தந்தாள். விமானத்தில் அந்தத் தாளை எடுத்து எடுத்துப் பார்த்தேன். இதில் எதை விட்டிருப்பாள்? நான் என்றால் எதை விடுவேன்? உப்பு இருக்கிறது. பாணி இருக்கிறது. சூட்டின் அளவா? ஆறவைக்கும் நேரமா? என் தொழில் புத்திக்கு எட்டிய இடமெல்லாம் தேடினேன்.

காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் பெட்டியைத் திறந்து டப்பாவைத் தூக்கினான். கறுப்பு, பிசுபிசுப்பு, வெளிநாட்டு எழுத்து. என்ன இது என்றான். பாணி என்றேன். நம்பவில்லை. அவன் பார்க்க விரலால் வழித்து நக்கிக் காட்டினேன். எனக்கு ஒரு தூதுவராலயமும் உதவிக்கு வரவில்லை, நாக்குத்தான் வந்தது.

மறுநாளே போறணையைச் சூடாக்கினேன். டோர்ச் அடித்துப் பார்த்துப் பார்த்து அடித்தட்டை எடுத்தேன். தாளில் உள்ளபடி, ஒரு எழுத்துப் பிசகாமல் கரமல் காய்ச்சினேன். எப்படியும் நறநறக்கும், அப்போது பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். அவளுக்கு மூன்று தட்டுப் பழுதாகியது, எனக்கு இரண்டு தட்டாவது பழுதாகவேண்டாமா?

முதல் தட்டே சரியாக வந்தது. வெட்டினால் மூன்று நிறம். கடித்தால் உடைந்து, இழுபட்டு, கரைந்தது. அவள் ஒன்றையும் ஒளிக்கவில்லை.

தொலைபேசி அடித்தது. வதனிதான்.

"செய்து பாத்தியளோ அக்கா? சரிவந்ததோ?"

"கொஞ்சம் இறுகிப்போச்சு" என்றேன்.

அவள் கேட்டாள்:

"அப்ப வாய்க்குள்ள என்ன வைச்சுக்கொண்டு கதைக்கிறியள்?"

அது மூன்றாவது துண்டு.